புரை ஏறுவது நின்றுவிட்டது, நல்லதுதானே?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் டீ எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பியும் அதே எஸ்டேட்டில்தான் இருக்கிறான். தொழிலாளர் லயன் வீட்டில் அவனோடு சில மாதம், கூடலூரில் என்னோடு சில மாதம் என்று அப்பா மாறி மாறி இருக்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் பாதித்தன. அதற்குப் பிறகு பத்து மாதத்தில் நான்கு தடவை காய்ச்சல், சளி, மூச்சிரைப்பு. மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு இடத்தில் நிமோனியா என்றார்கள், ஒரு இடத்தில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லாமலே டி.பி. மாத்திரையும் ஆறு மாதம் சாப்பிட்டு முடித்துவிட்டார். எடை 58 கிலோவிலிருந்து 46 ஆகிவிட்டது. கடைசி ஸ்கேனில் வலது நுரையீரலின் அடிப்பகுதி கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். டீ ஃபேக்டரித் தூசியாலா, மலைப் பனியாலா? முன்பெல்லாம் சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறும். இப்போது அது நின்றுவிட்டது. அதுவரைக்கும் நல்லதுதானே? இன்னும் சக்தியான ஆன்டிபயாட்டிக் இருந்தால் சொல்லுங்கள்.
ஒரு மகள், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நல்லதில்லை. உங்கள் கடிதத்தில் மற்ற எதையும்விட அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தந்தது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

யாருக்காவது புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். மலையில் உங்கள் அப்பாவோடு வேலை பார்த்த மலையாளிகள் "நெறுகயில் கயறி" என்பார்கள். நெறுக என்றால் உச்சந்தலைதான். இரண்டு மொழியும் மேலே ஏறுவதாகவே சொல்கிறது. உண்மையில் சோறோ தண்ணீரோ கீழேதான் இறங்குகிறது, உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாயில். கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து எச்சிலை ஒரு தடவை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை எழும்பி இறங்குவது விரலுக்குத் தெரியும். ஏறக்குறைய ஒரு நொடிக்குள் நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ளுகிறது, மூச்சு நிற்கிறது, குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன, குரல்வளைமூடி என்ற சிறு மடல் மடங்கி மூச்சுக்குழாயின் வாசலை அடைக்கிறது. நமக்குத் தெரியாமலே ஒரு நாளைக்குப் பல நூறு தடவை இது நடக்கிறது. பக்கவாதம் இந்த ஒழுங்கைக் குலைத்துவிடும். முதல் சில நாட்களில் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் குறை இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும்.

தவறி உள்ளே போனதை இருமல்தான் வெளியே தள்ள வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஆரம்பத்தில் இருமல் வந்தது. இப்போது வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். விழுங்குவது சரியாகியிருக்கலாம். இல்லையென்றால், தொண்டை மரத்துப்போய், உள்ளே போவதே தெரியாமல் போய்க்கொண்டிருக்கலாம். சரியாகியிருந்தால் எடை கூடியிருக்கும், காய்ச்சல் நின்றிருக்கும். 12 கிலோ இறங்கி, நான்கு தடவை காய்ச்சலில் விழுந்தவருக்கு நான் இரண்டாவதைத்தான் நினைப்பேன். ஓசையில்லாத புரை என்று என் நோயாளிகளிடம் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறவருக்குக்கூடத் தெரியாது.

ஸ்கேனும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை இடதைவிட அகலமானது, செங்குத்தாகவும் இறங்குகிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத் தவறிப் போவது பெரும்பாலும் வலது நுரையீரலின் அடியில் போய்ச் சேரும். படுத்திருப்பவருக்கு முதுகுப்பக்கமாகத் தேங்கும். தேயிலைத் தூசியால் ஆஸ்துமா வருவது உண்மைதான். ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வருடக்கணக்காக நின்றவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் தூசி ஒரே மூலையைத் தேடிப் போய் மறுபடி மறுபடி அங்கேயே உட்காராது. பனியும் அப்படித்தான்.

உள்ளே போவது வெறும் தண்ணீராக இருந்தால்கூட நுரையீரல் ஓரளவு சமாளித்துவிடும். அதோடு சேர்ந்து போகும் வாய்க் கிருமிகளால்தான் நிமோனியா வருகிறது. வயிற்றிலிருந்து எதுக்களித்து வரும் அமிலம் உள்ளே போனால் அந்த இடமே வெந்துபோகும். 1946இல் நியூயார்க் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன், பிரசவத்துக்காக மயக்க மருந்து வாங்கிய 66 பெண்களிடம் இதைப் பார்த்து எழுதினார். அவர்களுக்கு ஒரே தடவையில் நிறைய உள்ளே போனது. உங்கள் அப்பாவுக்கு நடப்பது வேறு வகை. தினமும் ஒரு சொட்டு, இரண்டு பருக்கை என்று போய், அந்த இடம் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, கடைசியில் சிறு மூச்சுக்குழல்கள் இழுவிசை போன பழைய ரப்பர் குழாய்போல விரிந்து தொய்ந்துவிடும். சளி வெளியே வராமல் அங்கேயே தேங்கும். பிராங்கியெக்டேசிஸ் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருந்தால் அது இதுதான். சிலருக்கு நுரையீரலில் தழும்பும் விழும்.

மலைக்கும் கூடலூருக்கும் நடுவில் வாழ்கிற குடும்பங்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். மேலே சேர்த்தபோது எடுத்த எக்ஸ்ரே தம்பி வீட்டில் ஒரு பையில் தொங்கும். கீழே எடுத்தது உங்கள் வீட்டில் இன்னொரு பையில் இருக்கும். ஒன்றில் நோய் விவரம் மலையாளத்தில் சொல்லப்பட்டது, இன்னொன்றில் தமிழில். ஒவ்வொரு மருத்துவரும் அவரை முதல் தடவை நிமோனியா வந்தவராகவே பார்த்திருப்பார், அதற்கு ஏற்ற மருந்தை ஒழுங்காகவே கொடுத்திருப்பார். நான்கையும் வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே இடம்தான் வெளுத்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அந்த இரண்டு பைகளையும் ஒன்றாக்குங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் கொடுங்கள்.

இதை நான் யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டியை ஒரே வருடத்தில் ஐந்து தடவை வார்டில் சேர்த்தேன். ஐந்து தடவையும் ஆன்டிபயாட்டிக், ஐந்து தடவையும் குணமாகி வீட்டுக்குப் போனார். ஆறாவது தடவை, காலை ஆறு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தபோது, பேத்தி அவரைப் படுக்கையில் படுக்கவைத்தபடியே டம்ளரில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். பாட்டி இருமவே இல்லை. குடித்து முடித்து என்னைப் பார்த்து "வாங்க சாமி" என்றார். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல அந்தக் குரல் களகளத்தது. ஐந்து தடவை அவர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன், ஒரு தடவைகூட அவர் சாப்பிடுவதைப் பார்க்கவில்லை. இன்றுவரை அது என் மனதை உறுத்துகிறது. அதற்குப் பிறகு திரும்பத் திரும்ப நிமோனியா வரும் எந்த முதியவரையும், அவர் குடிப்பதைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

நீங்களும் இன்று இரவே பாருங்கள். மூன்று நான்கு வாய் சாப்பிட்டதும் "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரல் சாப்பிடுவதற்கு முன்பு இருந்ததைவிட ஈரமாக, களகளவென்று இருந்தால் குரல்நாண் மேல் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். வலது கை விழுந்திருப்பதால் வலது கன்னத்திலும் பலம் குறைந்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் சோறு ஒதுங்கியிருக்கும். அது பிறகு தூக்கத்தில் மெல்ல நழுவி உள்ளே போகும். சாப்பிட அரை மணிக்கு மேல் ஆகிறதா, சாப்பாட்டுக்குப் பிறகு மூச்சு வேகமாகிறதா என்பதையும் கவனியுங்கள். தண்ணீரை நிறையக் கொடுத்து நீங்களே சோதனை செய்து பார்க்க வேண்டாம்.

அடுத்து, அவர் தண்ணீர் குடிக்கும் விதம். நம் ஊரில் உதடு படாமல், அண்ணாந்து, உயரத்திலிருந்து ஊற்றிக் குடிப்பதுதான் சுத்தம் என்று சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறோம். நன்றாக விழுங்குகிறவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பக்கவாதம் வந்தவருக்கு அது ஆபத்து. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் விரிந்து கொடுக்கிறது, தண்ணீரோ நாக்கின் பிடியில் நிற்காமல் நேராகத் தொண்டைக்கு விழுகிறது. கிளாஸில் வாய் வைத்துக் குடித்தாலும், கடைசி மடக்குக்காகத் தலையைச் சாய்த்தால் இதேதான் நடக்கும். அகன்ற வாயுள்ள கிண்ணத்தில், பாதிக்கு மேலேயே இருக்கும்படி ஊற்றிக் கொடுங்கள், அல்லது ஸ்பூனில் கொடுங்கள். இதே காரணத்துக்காக, அண்ணாந்து தொண்டையில் கொப்பளிப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

உடம்பு முடியாதவருக்குக் கஞ்சிதான் நல்லது என்று மேலேயும் கீழேயும் எல்லா வீட்டிலும் கஞ்சி கொடுக்கிறார்கள். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நீராகாரமும் பருக்கையுமாகக் கலந்த கஞ்சி, ரசம் ஊற்றிய தளர்ந்த சாதம், பாலில் ஊறிய பிஸ்கட் இவையெல்லாம் விழுங்குவதற்கு மிகவும் கடினமானவை. வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும். தனித் தண்ணீரும், பால் விடாத கட்டன் சாயாவும் வேகமாக ஓடுபவை. புட்டு, பொரி, முறுக்கு உதிர்ந்து தொண்டையில் தங்கும். மசித்த மரவள்ளிக்கிழங்கு ஒட்டிக்கொள்ளும், குழம்போ தயிரோ விட்டு வழுவழுப்பாக்கித்தான் தர வேண்டும். பருக்கையே தெரியாமல் அரைத்து, ஸ்பூனைக் கவிழ்த்தால் சொத்தென்று விழும் பக்குவத்தில் கஞ்சி, நன்றாகக் குழைத்த பருப்புச் சாதம், ராகிக் கூழ், கெட்டித் தயிர், மசித்த நேந்திரம்பழம் இப்போதைக்குப் பாதுகாப்பானவை. ஒரு சின்ன விஷயம்: வாயில் வைத்த ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் எச்சில் பட்டுக் கூழ் கொஞ்ச நேரத்தில் நீர்த்துப்போகும். கெட்டியாகத்தானே கொடுத்தோம் என்று நினைப்பீர்கள், பாதிக்கு மேல் தண்ணீராகத்தான் போயிருக்கும். தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துக் கொடுங்கள்.

திரவத்தை எவ்வளவு கெட்டியாக்க வேண்டும் என்பதை விழுங்கல் பயிற்சி தருகிற ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஒரு அளவு சொன்னால் வீட்டில் சரிபார்க்க வழி இருக்கிறது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் விரலால் அடியை அடைத்து நிரப்பி, விரலை எடுத்து 10 நொடி ஒழுகவிட வேண்டும். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர்தான், 1 முதல் 4 வரை மிஞ்சினால் லேசான கெட்டி, 4 முதல் 8 வரை மிஞ்சினால் நடுத்தரம், 8க்கு மேல் மிஞ்சினால் நல்ல கெட்டி. எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மறதி நோயோ பார்க்கின்சன் நோயோ உள்ள 515 முதியவர்களை மூன்று மாதம் கவனித்தார்கள். தாடையைத் தாழ்த்திச் சாதாரணத் தண்ணீர் குடித்தவர்களுக்கும், கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கும் நிமோனியா வந்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கெட்டித் தண்ணீர் பிடிக்காமல் பலர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், உடம்பில் நீர் வற்றும். சிறுநீர் மஞ்சளாக, குறைவாகப் போனால் உடனே கவனிக்க வேண்டும்.

அவர் கட்டிலில் சாய்ந்தபடி சாப்பிட வேண்டாம். நாற்காலியில், பாதம் தரையில் பட, நிமிர்ந்து உட்காரட்டும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் மேலே பார்ப்பார், தலை மறுபடி சாய்ந்துவிடும். நீங்கள் அவரைவிடத் தாழ்வான முக்காலியில் உட்காருங்கள். இன்னும் முக்கியமானது, முடிந்தவரை அவரே சாப்பிடட்டும். வலது கை வராவிட்டால் இடது கையில் ஸ்பூனைக் கொடுத்து, முழங்கையை நீங்கள் தாங்குங்கள். தன் கை வாய்க்கு வருவது தெரிந்தால்தான் வாயும் தொண்டையும் தயாராகும். பிறர் ஊட்டித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கே இந்த நிமோனியா அதிகம் வருகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். இரவில் தலையணை மேல் தலையணை அடுக்க வேண்டாம், கழுத்துதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

வாய்ச் சுத்தம்தான் எல்லாரும் கைவிடுவது. எச்சில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் சுரக்கிறது. சாப்பாட்டையே நிறுத்தினாலும் எச்சில் உள்ளே போகும். போகும் எச்சில் சுத்தமாக இருந்தால் நுரையீரல் தாங்கும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்தார்கள். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும், அப்படித் துலக்கிவிடப்படாதவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. 1999இல் வெளியான முடிவு அது. ஒரு பிரஷ் செய்த வேலை! மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், உட்கார்ந்து முன்னால் குனிந்த நிலை, பிறகு ஈரத்துணியைச் சுற்றிய விரலால் நாக்கையும் கன்னத்தையும் துடைத்தல், அவ்வளவுதான். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள். எஸ்டேட் பழக்கத்தில் வெற்றிலை பாக்கு இன்னும் போடுகிறார் என்றால், பாக்கை நிறுத்தியே ஆக வேண்டும். மூச்சுக்குழலில் சிக்கிய பாக்குத் துண்டை நான் எடுத்திருக்கிறேன்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கில் எண்ணெய் விடுவது, காலையில் எண்ணெய் கொப்பளிப்பது, மலச்சிக்கலுக்குப் பாரஃபின் கலந்த மருந்து குடிப்பது மூன்றும் இவருக்கு வேண்டாம். எண்ணெய் உள்ளே போனால் இருமலைத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு போய் நுரையீரலில் தங்கிவிடும், எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைக் கரைக்காது. பச்சைக் குழந்தைகளுக்கு மூக்கில் எண்ணெய் விடும் வழக்கமும் இதனால்தான் கூடாது. தூக்க மாத்திரை ஏதாவது எழுதியிருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், தொண்டையை அது இன்னும் மந்தமாக்கும்.

இனி மருந்து. கிருமி முளைத்திருக்கும்போது ஆன்டிபயாட்டிக் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் இன்னும் சக்தியானதைத் தேடுவதால் அடுத்த நிமோனியா தள்ளிப்போகாது. கிருமி போன வழி திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். அடுத்த முறை மருந்து தொடங்குவதற்கு முன் சளியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுங்கள். டி.பி. சந்தேகம் மறுபடி வந்தால் சளியில் மரபணுச் சோதனை செய்த பிறகே மாத்திரை தொடங்கும்படி கேளுங்கள். கோட்டயம் மருத்துவக் கல்லூரியோ, க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரியோ, மதுரையோ, எது உங்களுக்குத் தோதோ அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மூக்கு வழியாகக் கேமரா விட்டு விழுங்குவதைப் பார்க்கும் சோதனை, அல்லது பேரியம் விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்கும் சோதனை செய்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஓசையில்லாத புரையை உறுதியாகக் கண்டுபிடிப்பது இந்த இரண்டும்தான். எந்தப் பக்குவம், எந்தத் தலைநிலை அவருக்குச் சரி என்பதும் அதில் தெரிந்துவிடும். தலையைத் திருப்புவது, தாடையைத் தாழ்த்துவது போன்றவை ஒருவருக்கு உதவும், இன்னொருவருக்குக் கெடுதல் செய்யும். அதனால் கடிதத்தில் அதைச் சொல்லமாட்டேன்.

யாராவது மூக்குக்குழாய் போடச் சொல்லலாம். எடை இவ்வளவு இறங்கியிருப்பதால் சில வாரங்களுக்கு அது தேவைப்படவும் கூடும், பயந்து மறுக்க வேண்டாம். குழாய் வழியாகச் சத்து போகும், அதே நேரத்தில் விழுங்கல் பயிற்சியும் நடக்கலாம். ஆனால் குழாய் போட்டால் புரை நின்றுவிடும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். எச்சில் அப்போதும் இறங்கும், வயிற்றிலிருந்து எதுக்களிக்கவும் செய்யும். குழாய் இருக்கிறவருக்கும் வாய்ச் சுத்தமும் உயர்ந்த தலைமாடும் வேண்டும்.

விரிந்துபோன மூச்சுக்குழல் பழைய நிலைக்குத் திரும்பாது. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. மிச்சமுள்ள நுரையீரலைக் காப்பாற்ற முடியும், அது நிறையவே இருக்கிறது. தேங்கும் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கும் உங்களுக்கும் கற்றுத்தரட்டும். மேலே இருக்கும்போது நாள்பட்ட நோயாளிகளை வீட்டிலேயே வந்து கவனிக்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸை வரச் சொல்லலாம். கேரளம் 2008இலேயே அதற்கென்று கொள்கை வகுத்த மாநிலம், உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கும் அவர்கள் வருவார்கள். கீழே 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மூச்சு நிமிடத்துக்கு 25க்கு மேல் ஓடினாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, உளறினாலோ காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் காய்ச்சல் இல்லாமலே நிமோனியா வரும்.

கட்டன் சாயா இல்லாமல் அப்பா எப்படி இருப்பார் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாற்பது வருடம் கொழுந்துக்காட்டில் நின்றவர்களை எனக்குத் தெரியும், அவர் கேட்பார். முழுவதும் மறுக்க வேண்டியிருக்காது என்றே நம்புகிறேன். சோதனை முடிந்ததும் எந்த அளவில், எந்தக் கெட்டியில், ஒரு நேரத்துக்கு எத்தனை ஸ்பூன் என்று சேர்ந்து முடிவு செய்வோம். கம்பத்துக்கு என்னிடம் வர முடிந்தால் காலையில், அவர் எதுவும் குடிப்பதற்கு முன்னால் அழைத்து வாருங்கள். இரண்டு பைகளோடு, அவர் தினமும் குடிக்கிற அந்தக் கிளாஸையும் எடுத்து வாருங்கள்.